உரும்பிராயில் ஐந்து கிலோவாட் சோலர்: கணக்குக் கொப்பி சொல்வது

"சோலர் போட்டால் காசு ஒழுங்கா வருமோ அக்கா?" இந்தக் கேள்வி எங்கள் ஒழுங்கையில் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் படலையில் நின்று சொல்வதைவிட எழுதிவிடுவது சுகம். முடிவை முதலிலேயே சொல்கிறேன். பனல்கள் நல்லவை. பொருத்தித் தந்தவர்கள் பரவாயில்லை. மின்சாரத்தை வாங்கிக்கொண்டு காசு தருகிறவர்களுக்கு, ஐந்துக்கு ஒன்றரைக்கு மேல் புள்ளி போட என் கை வராது.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். 2021 இல், ஊழியர் சேமலாப நிதியில் கிடைத்ததில் ஒரு பங்கையும் வங்கிக் கடனையும் சேர்த்து இதைப் போட்டோம். பன்னிரண்டு பனல், அவற்றின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் ஒரு இன்வேட்டர், ஐந்து கிலோவாட். விற்க வந்த தம்பி, "லோனைப் பனலே கட்டிப்போடும், நீங்கள் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை" என்றார். அந்த வசனத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்திய பொடியள் கெட்டிக்காரர்கள். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ஏறி இறங்கியதில் சில ஓடுகள் உடைந்தன. கேட்காமலே வேறு கொண்டுவந்து மாற்றினார்கள். இன்வேட்டரை மேற்குச் சுவரில் வெயில் விழும் இடத்தில் பூட்டப் பார்த்தார்கள், இவர் நின்று போர்ட்டிகோ நிழலுக்கு மாற்றுவித்தார். வேலை முடிந்தபின் அந்தக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தால் ஆள் அகப்படுவது குறைவு. அவ்வளவுதான் குறை.

பராமரிப்பைப் பற்றி விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. எங்கள் பக்கம் செம்மண். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தோட்டத்துப் புழுதி எல்லாம் கூரையில்தான். சரி, கழுவலாம் என்றால், யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கேத்திலுக்குள் பிடிப்பது எதுவோ அதுவேதான். புழுதியாவது மழைக்குப் போகும், இது போகாது. நாங்கள் மாரியில் தாங்கியில் பிடித்து வைக்கும் மழைத்தண்ணீரால், வெயில் ஏறுமுன் கழுவுகிறோம். இதைச் செய்தால் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நான்கு அலகு என்ற கணக்கு ஏறத்தாழச் சரியாக வருகிறது. மாதம் அறுநூறு அலகு. கார்த்திகை, மார்கழி மழையில் அது நன்றாகவே விழும்.

இனி காசுக் கதை.

வீட்டுக்காரருக்கு மூன்று வழிகள் இருந்தன. நெற் மீற்றரிங் என்றால் காசு கிடையாது, மிஞ்சும் அலகு அடுத்த மாதத்துக்குப் போகும். நெற் அக்கவுண்டிங் என்றால் நீங்கள் பாவித்தது போக மிஞ்சியதற்குக் காசு. நெற் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, பாவனைக்கு வழமைபோல் பில் கட்டுவது. 2016 இல் அரசு தொடங்கிய சூரிய மின் திட்டத்தின்படி, நெற் அக்கவுண்டிங்கில் முதல் ஏழு வருடங்களுக்கு அலகுக்கு 22 ரூபா, அடுத்த பதின்மூன்று வருடங்களுக்கு 15.50 ரூபா. இருபது வருட ஒப்பந்தம். நாங்கள் எடுத்தது இதைத்தான். எங்கள் பாவனை நூற்றைம்பது அலகு போனால் நானூற்றைம்பது மிஞ்சும். 9,900 ரூபா. வங்கித் தவணையும் ஏறத்தாழ அதேதான். தாளில் பார்த்தால் தம்பி சொன்னது பொய்யில்லை.

தாளில் இல்லாதது, அந்த 9,900 எப்போது வரும் என்பது. முதல் சில மாதங்கள் மின்சார சபையிடமிருந்து ஒழுங்காக வந்தது. 2022 இல் நாடு விழுந்ததோடு அதுவும் விழுந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன காலம், எரிபொருள் வாங்கவே காசில்லை. கூரையில் சோலர் வைத்திருந்தவர்களின் நிலுவை நாடு முழுக்க மாதக்கணக்கில் ஏறியது. அந்த நேரம் பொறுத்துக்கொண்டேன். எல்லாருக்கும் நடந்தது எனக்கும் நடந்தது. ஆனால் நெருக்கடி தணிந்து பில் கட்டணம் பலமடங்கு ஏறிய பிறகும் எங்களுக்கான காசு பழைய ஒழுங்குக்கு வரவில்லை. இரண்டு மாதம் வரும், பிறகு ஓய்ந்துவிடும், திடீரென்று ஒரு தொகை வந்து விழும். வங்கிக்காரர் மட்டும் ஒரு மாதமும் ஓயவில்லை. தவணை பிந்தினால் அபராதம். பில் பிந்தினால் சிவப்பு நோட்டீஸ். எங்களுக்குப் பிந்தினால் வட்டியும் இல்லை, ஒரு கடிதமும் இல்லை.

பிந்துவதைவிட எனக்குக் கோபம் வருவது அந்தத் திடீர்த் தொகையில்தான். வங்கிப் புத்தகத்தில் ஒரு இலக்கம் விழுந்திருக்கும். அது எந்த மாதத்துக்கு, எத்தனை அலகுக்கு, ஏதாவது கழித்தார்களா, ஒன்றும் தெரியாது. சங்கத்தில் நான் ஒரு மூட்டைச் சீனிக்கு இப்படிக் கணக்குக் காட்டியிருந்தால் பரிசோதகர் அன்றைக்கே பூட்டைப் போட்டிருப்பார்.

ஆகவே ஒரு சி.ஆர். கொப்பி போட்டேன். மீற்றர் பார்க்கிற தம்பி வரும் அன்றே, அவர் எழுதும் இரண்டு இலக்கங்களையும், உள்ளே வந்தது, வெளியே போனது, நானும் எழுதுவேன். பக்கத்தில் இன்வேட்டர் அப் காட்டும் மாத உற்பத்தி. அதற்குப் பக்கத்தில் வரவேண்டிய காசு. கடைசி நிரல் வந்த காசு, திகதியோடு. மொத்தத் தொகை விழும்போது மாதங்களைக் கூட்டிப் பார்ப்பேன். ஒருமுறை எந்த விதத்தில் கூட்டினாலும் பொருந்தவில்லை. கொப்பியைக் கொண்டுபோய்க் கந்தோரில் வைத்தேன். அங்கிருந்த பிள்ளை மரியாதையான பிள்ளை, கணினியில் தேடி, ஒரு மாதம் மீற்றர் வாசிப்பு பதியப்படவே இல்லை என்று கண்டுபிடித்துத் தந்தார். "அம்மா, நீங்கள் எழுதி வச்சிருந்தபடியால் சரி. இல்லாட்டி இதை ஒருத்தரும் கண்டிருக்க மாட்டினம்" என்றார். திருத்தினார்கள். காசு வழமைபோல் ஆறுதலாக வந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். ஒரு மார்கழி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து அக்காவின் பிள்ளைகள் வந்து நின்றார்கள். வெளியே மழை, உள்ளே இரண்டு அறையிலும் ஏசி. அந்த மாதம் நாங்கள் கொடுத்ததைவிட எடுத்தது கூட, பில் வந்தது. மின்சார சபை எனக்குத் தரவேண்டியது அப்போது பல மாத நிலுவை. இதை அதில் கழிக்கலாம்தானே என்று கேட்டேன். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்றார்கள். பில்லைக் கட்டினேன்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய தலையிடி ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாமதங்களில் பாதிக்கு விதை இங்கேதான் விழுகிறது. மின் இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இங்கே எத்தனையோ வீடுகளில் அது இறந்துபோன அப்பாவின் பெயரில், அல்லது பாரிசில் இருக்கும் பெரியம்மாவின் பெயரில் இருக்கும். பில் கட்டுகிறவரைக்கும் யாரும் கவலைப்படுவதில்லை. சோலருக்கு ஒப்பந்தம் எழுதும்போது இணைப்பின் பெயரும் ஒப்பந்தத்தின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் பொருந்த வேண்டும். எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் அண்ணை, லண்டனில் உள்ள தமையனின் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பனல் ஏறி, மீற்றரும் மாற்றியாயிற்று, கரண்ட் ஓடுகிறது. காசு மட்டும் இல்லை. தமையனுக்காகக் கையெழுத்து வைக்கும் அற்றோணித் தத்துவம் முடித்து, பெயர் மாற்றி, கணக்கு இலக்கம் திரும்பக் கொடுத்து முடிய, நல்லூர்க் கொடியேற்றத்தில் தொடங்கிய அலைச்சல் பொங்கல் தாண்டிப் போனது. இணைப்பின் பெயரை மாற்றாமல் பனலுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். பொருத்தும் கம்பனி "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றுதான் சொல்லும். அவர்களுக்கு அது பிறகுதான்.

அந்தத் தமையன் லண்டன் வீட்டிலும் சோலர் வைத்திருக்கிறார். அங்கே இந்தத் தொல்லை இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். தொலைபேசியில் கேட்டால் அவருடைய புலம்பல் எங்களுடையதைவிட நீளம். பிரித்தானியாவில் 2020 ஜனவரியிலிருந்து ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கியாரண்டி என்ற ஒழுங்கு. ஒன்றரை இலட்சம் வாடிக்கையாளருக்கு மேல் உள்ள மின் கம்பனிகள் கூரைச் சோலருக்கு ஒரு விலை கொடுத்தே ஆக வேண்டும். விலையைக் கம்பனியே தீர்மானிக்கும். அதற்குப் பொருத்துநரின் சான்றிதழ், ஏற்றுமதிக்கென்று தனி மீற்றர் இலக்கம், இப்படி ஒவ்வொன்றாக வர வேண்டும். அவருக்கு அந்த இலக்கம் வரவே மாதக்கணக்கு. அதுவரை வெளியே போன அலகுகளுக்குக் காசு இல்லை என்று அவருடைய கம்பனி கையை விரித்துவிட்டதாம். ஆனாலும் அவரிடம் என்னிடம் இல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. மின்சாரத்தை ஒரு கம்பனியிடம் வாங்கி, கூரை மின்சாரத்தை இன்னொரு கம்பனிக்கு விற்கலாம். முறைப்பாடு செய்து எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் எரிசக்திக்கான குறைகேள் அதிகாரியிடம் போகலாம். எனக்கு வாங்குபவர் ஒருவர்தான். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம், நானும் எழுதினேன். எழுதிய பிறகு ஒரு தொகை வந்தது. எழுதியதால் வந்ததா, வரவேண்டிய நேரம் வந்ததா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கடிதத்தோடு கொப்பியின் பக்கங்களையும் பிரதி எடுத்து வைத்தேன், அதையும் செய்யுங்கள்.

கரண்ட் போனால் சோலர் இருக்கிறதுதானே என்று இன்னும் நினைப்பவர்களுக்கு: இல்லை. பற்றரி இல்லாத இன்வேட்டர், வெளியே மின்சாரம் நின்றால் தானும் நிற்கும். லைனில் வேலை செய்கிறவர் மேல் நம் கரண்ட் பாயக் கூடாது என்பதற்கான ஒழுங்கு அது, நியாயமானது. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டிய நாட்களில், உச்சி வெயிலில் பன்னிரண்டு பனலையும் வைத்துக்கொண்டு விசிறியால் விசிறினோம். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடே இருண்டதாகச் சொன்னார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். இங்கிருந்து பாணந்துறை எங்கே, அந்தக் குரங்கு எங்கே!

வேறு சில மதியங்களில், ஒழுங்கையில் பாவனை குறைந்து வோல்ற்றேஜ் ஏறி, இன்வேட்டர் தானாகவே நின்று நின்று வேலை செய்யும். அந்த இழப்புக்கும் யாரும் பொறுப்பில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைவு என்பதால் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி பகிரங்க வேண்டுகோள் வந்தது. நாங்கள் நிறுத்தினோம். ஒழுங்கையில் எல்லாரும் நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது.

இப்போது போடலாமா? எங்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கு அலகுக்கு 37 ரூபா கொடுத்தார்கள், அதன் பிறகு வந்தவர்களுக்கு 27 ஆகக் குறைந்தது. விலை இறங்கும் பக்கம்தான் போகிறது. மாதம் நூறு அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்காரர் கடன் எடுத்துப் போட வேண்டாம். காசு வரும் வேகத்துக்கு வங்கி காத்திருக்காது. கையில் காசு வைத்திருப்பவர், பில் பெரிதாக வருபவர், பகலில் மோட்டரும் தையல் மெஷினும் ஓடுகிற வீடு, இவர்கள் தாராளமாகப் போடலாம். பகலில் நீங்களே பாவிக்கும் அலகுக்கு யாருடைய கையையும் பார்க்கத் தேவையில்லை. கடன் எடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆறு மாதத் தவணையைத் தனியாக ஒரு கணக்கில் போட்டுவிட்டுப் பனலைப் பற்றிப் பேசுங்கள்.

எங்களுக்கு 2028 இல் விலை 15.50க்கு இறங்கும். அதற்குள் பற்றரி மலிந்தால் ஒன்று வாங்கி, இரவுக்கும் நாங்களே பாவிக்கலாம் என்று இவர் சொல்கிறார். இப்போதைக்குக் கொப்பியின் கடைசி நிரலில் மூன்று மாதம் வெறுமையாக இருக்கிறது.