வீட்டு வரி முகப்பு: சேவை நன்று, பில்தான் வாய் திறக்கவில்லை

மலேசியாவின் தென் பேராக்கில் உள்ள எங்கள் எஸ்டேட் பட்டணத்தின் ஊராட்சி மன்ற அலுவலகத்திற்குக் கடந்த பிப்ரவரி மாதக் கடைசி வாரத்தில் அரையாண்டு வீட்டு வரி கட்டப் போயிருந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கு இருமுறை போய்வரும் இடம்தான். ஆனால், புதிய மதிப்பீடு நடப்புக்கு வந்தபின் கட்டும் முதல் தவணை இது என்பதாலும், வரிசையில் காதில் விழுந்த ஒரு பேச்சினாலும், இம்முறை கண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. 38 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் சம்பளத்தைப் பற்றி நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால், கணக்கைச் சரியாகச் சொல்வேன்.

முகப்புச் சேவையில் குறை சொல்ல அதிகமில்லை. எண் சீட்டு எடுத்து இருபத்தைந்து நிமிடங்களில் என் முறை வந்தது. இரண்டாம் முகப்பில் இருந்த இளம்பெண் தமிழ் பேசக்கூடியவர். மலாய் வாசிக்கத் தடுமாறிய ஒரு பாட்டிக்கு நிலுவையையும் நடப்புத் தவணையையும் தனித்தனியாகத் தாளில் எழுதிக் காட்டினார். அட்டையிலும் கட்டலாம், வீட்டில் இருந்தபடி ஜோம்பே என்ற இணையக் கட்டண முறை வழியாகவும் கட்டலாம். முதியோருக்கும் உடற்குறையுள்ளோருக்கும் தனி இருக்கைகள் உண்டு. மதிப்பீட்டுப் பிரிவு மட்டும் மாடியில் இருக்கிறது, மின்தூக்கியும் இல்லை. ஆட்சேபம் சொல்ல வருபவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களை விட்டு வந்த முதியவர்கள் என்பதால், இந்த ஒரு குறையைப் பெரிதாகவே சொல்ல வேண்டும்.

என் வருத்தம் பில்லைப் பற்றியது. என் வீட்டின் ஆண்டு மதிப்பு, அதாவது ஓராண்டு வாடகையாக எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் மதிப்பிடும் தொகை, முன்பு 2,400 ரிங்கிட்டாக இருந்தது. இப்போது 3,600 ரிங்கிட். விகிதம் 8 விழுக்காடு என்பதால், அரையாண்டுக்கு 96 ரிங்கிட் கட்டி வந்தவள் இனி 144 ரிங்கிட் கட்ட வேண்டும். பில்லில் இந்த எண்கள் இருக்கின்றன, கடைசி நாள் இருக்கிறது, தவறினால் வரும் நோட்டீசைப் பற்றிய எச்சரிக்கையும் இருக்கிறது. இந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதற்கு மட்டும் ஒரு வரி கூட இல்லை.

அந்த ஒரு வரி இல்லாததால் என்ன நடக்கிறது என்பதை வரிசையிலேயே கண்டேன். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு லாரி ஓட்டுநர். அவருடைய மகளுக்கு நான் மூன்றாம் ஆண்டில் கணிதம் கற்பித்திருக்கிறேன். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஜனவரியில வாத்தியாருங்களுக்குச் சம்பளம் ஏறிச்சு, அதே ஜனவரியில நம்ம வீட்டு வரியும் ஏறிடுச்சு. எங்க தலையிலதானே விடியுது" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். இரண்டு ஏற்றங்களும் ஒரே மாதத்தில் வந்தன. இடையில் எந்தத் தொடர்பும் இல்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டிய பில்லோ வாய் திறக்கவில்லை.

அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். மலேசியாவில் கல்வி, அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் கூட்டரசின், அதாவது மத்திய அரசின், பட்டியலில் இருக்கிறது. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆசிரியர் சம்பளம் கல்வி அமைச்சின் ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்த அமைச்சுக்கு 64.1 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கினார்கள். பொதுச் சேவை ஊதிய முறையின் கீழ் ஆசிரியர் உள்ளிட்ட அரசு ஊழியர்களுக்கு 2024 டிசம்பரில் 8 விழுக்காடும் 2026 ஜனவரியில் 7 விழுக்காடும் என அறிவிக்கப்பட்ட உயர்வும் கூட்டரசுக் கருவூலத்தைச் சேர்ந்ததே. வீட்டு வரியோ 1976 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மன்றம் விதிப்பது. ஆண்டு வாடகையாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் 35 விழுக்காட்டைத் தாண்டாத ஒரு பங்கை அது கேட்கலாம். பேராக்கில் குப்பை அள்ளுவதும், கால்வாய் தூர்வாருவதும், புல் வெட்டுவதும், தெருவிளக்கும், சந்தையும் மன்றத்தின் வேலை. அந்த 144 ரிங்கிட்டில் ஒரு சென் கூட எந்த ஆசிரியரின் சம்பளத்திலும் சேர்வதில்லை. பள்ளிக்கும் இந்த வரிக்கும் சட்டத்தில் ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது எதிர்த்திசையில் போகிறது: லாப நோக்கமின்றிப் பொதுப் பள்ளியாகப் பயன்படும் கட்டடத்துக்கு இவ்வரியிலிருந்து மாநில அரசு விலக்கு அளிக்கலாம்.

ஆசிரியர் சம்பளம் வானத்திலிருந்து விழுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. வருமான வரி கட்டாத லாரி ஓட்டுநரும் கடையில் பொருள் வாங்கும்போது விற்பனை வரியின் வழியாக அதில் பங்கு கொடுக்கிறார். அந்தச் சுமை நாடு முழுவதும் பரவியிருப்பதால், எங்கள் பட்டணத்தின் ஏழ்மை எங்கள் பள்ளி ஆசிரியரின் சம்பளச் சீட்டைத் தொடுவதில்லை. கோலாலம்பூரில் கற்பிப்பவருக்கும் இங்கே செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் கற்பிப்பவருக்கும் அடிப்படைச் சம்பள அட்டவணை ஒன்றுதான்.

இந்த ஏற்பாட்டின் அருமை, அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகன் தன் பில்லைப் படமெடுத்து அனுப்பியபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. அவன் நியூ ஜெர்சி மாநிலத்தில் வீடு வாங்கி, ஆண்டுக்கு நான்கு தவணைகளாகச் சொத்து வரி கட்டுகிறான். 2024 இல் அம்மாநிலத்தின் சராசரி வீட்டுச் சொத்து வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அதில் ஏறத்தாழப் பாதி பள்ளிகளுக்குப் போகிறது. அவனுடைய பில்லில் மாவட்டத்துக்கு இவ்வளவு, நகரத்துக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கான தொகைதான் எல்லாவற்றிலும் பெரியது. நம் லாரி ஓட்டுநரின் ஆத்திரத்துக்கு அங்கே உண்மையான அடிப்படை உண்டு. ஆசிரியர் சங்கம் பள்ளி வாரியத்துடன் பேசி ஒப்பந்தம் போடுகிறது. சம்பளமும் மருத்துவக் காப்புறுதியும் ஏறினால் அதன் பெரும்பகுதி அதே ஊர்க்காரரின் வீட்டு வரியில் வந்து நிற்கிறது. வரியை உயர்த்துவதற்கு அம்மாநிலம் 2010 இல் ஆண்டுக்கு 2 விழுக்காடு என்ற உச்சவரம்பைச் சட்டமாக்கியதும், கலிபோர்னியா அதற்கும் முன்பே 1978 இல் பொதுவாக்கெடுப்பின் மூலம் சொத்து வரியைக் கட்டுப்படுத்தியதும் சொத்து வரிச் சுமையின் மீதான ஆத்திரத்தின் விளைவுகள்தாம். விஸ்கான்சின் மாநிலம் 2011 இல் ஆசிரியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையையே அடிப்படைச் சம்பளம் என்ற ஒன்றுக்குள் சுருக்கியது. ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழும் ஒரு கிழவரும், இரவெல்லாம் விடைத்தாள் திருத்தும் ஓர் ஆசிரியையும் ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு எதிரெதிர் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வரி முறை எனக்கு வேண்டாம். பணக்கார ஊரின் பள்ளிக்கு ஒரு தரமும் ஏழை ஊரின் பள்ளிக்கு ஒரு தரமும் வாய்க்க அது வழிவிடுகிறது. ஆனால், அந்தப் பில் எனக்கு வேண்டும். சண்டை வந்தாலும் அங்கே அது உண்மையான எண்களின் மீது நடக்கிறது.

தோட்டத்துப் பள்ளியின் கதையை அறிந்தவர்களுக்கு இதில் இன்னொன்றும் தெரியும். நம்மிடத்திலும் ஒரு காலத்தில் ஆசிரியரின் கூலி அந்தந்த இடத்தின் தயவில்தான் இருந்தது. 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நிர்வாகங்கள் பலவும் செலவைக் குறைக்கப் பார்த்தன. கங்காணியோ தோட்ட எழுத்தரான கிராணியோ ஓய்ந்த நேரத்தில் வந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்த பள்ளிகள் எத்தனையோ. சுதந்திர ஆண்டான 1957 இன் கல்விச் சட்டத்துக்குப் பிறகுதான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அரசு உதவிக்குள் உறுதியாக வந்தார்.

அதன் பிறகும் சம்பளம் தானாக ஏறிவிடவில்லை. 1967 இல் நாடு தழுவிய ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்தது. ஆணுக்கு நிகரான சம்பளம் பெண்ணுக்கும் வேண்டும் என்பது அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. அதையொட்டி அமைந்த அஜீஸ் ஆணையம் 1971 இல் அறிக்கை தந்தது. என் ஆண் சகாக்களுக்கு ஒரு ரிங்கிட்டும் குறையாத சம்பளத்தை 38 ஆண்டுகள் நான் வாங்கியது, அந்த ஆசிரியர்கள் வகுப்பறையை விட்டு வெளியே வந்து நின்றதால்தான். 1974 இல் அமைந்த தேசிய ஆசிரியர் சங்கமான என்.யு.டி.பி.க்கு மாதந்தோறும் சந்தா கட்டினேன். பேரம் பேசுவதற்குத் தனியார் துறைத் தொழிற்சங்கத்துக்கு இருக்கும் வழிகள் அதற்கு இல்லை. 1967 ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் பெரும்பகுதி அரசுச் சேவைக்குப் பொருந்தாது. அரசும் ஊழியர் சங்கங்களும் பேசும் கூட்டு மன்றத்தில் அமர்ந்து கேட்கலாம், வற்புறுத்தலாம். முடிவு அரசாங்கத்தின் கையில். இப்படிப்பட்ட சங்கத்தால் எங்கள் பட்டணத்தின் வீட்டு வரியை ஏற்றிவிட முடியும் என்று நம்புவது வீண் பழி.

பெற்றோரின் கையிலிருந்து பள்ளிக்காக நேராகப் போகும் பணமும் இருக்கிறது, ஆனால் அது வேறு. எங்கள் பட்டணத்துப் பள்ளி பாதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. நிலமும் கட்டடமும் பள்ளி நிர்வாக வாரியத்தின் பொறுப்பு. கூரை ஒழுகினால் மானியத்துக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், இல்லையேல் விருந்து வைத்து நன்கொடை திரட்ட வேண்டும். லாரி ஓட்டுநர் சென்ற ஆண்டு அந்த விருந்தில் ஒரு மேசைக்கான பணத்தைக் கட்டினார். அந்தச் சுமையைப் பற்றி அவர் பேசியிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து குரல் கொடுத்திருப்பேன்.

இனி, இச்சேவையின் சிறந்த பகுதிக்கு வருகிறேன். இந்த அலுவலகத்தில் அதிகம் பயன்படாமல் கிடப்பது ஆட்சேபம் சொல்லும் உரிமை. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் பற்றிய அறிவிப்பு சென்ற ஆண்டின் பிற்பகுதியில் வந்தபோது, அடுத்த வீட்டுப் பெரியவர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நாற்பது ஆண்டுகள் பால் மரம் சீவியவர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் இருந்தவரை வீட்டு வரி என்ற சொல்லே அவர் காதில் விழுந்ததில்லை. தோட்டம் கைமாறி, பட்டணத்தின் மலிவு விலை வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தப் பில் அவர் வாழ்க்கைக்குள் நுழைந்தது. அவருடைய வீட்டின் ஆண்டு மதிப்பை 4,200 ரிங்கிட் என்று போட்டிருந்தார்கள். கேட்டுப் பார்த்தால், பின்புறம் துணி காயப்போட அவர் இறக்கிய தகரச் சாய்ப்பைக் கட்டிய சமையலறையாகக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

சட்டத்தின் 142 ஆம் பிரிவின்படி, பட்டியலைத் திருத்துவதற்குக் குறித்த நாளுக்குப் பதினான்கு நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபம் தர வேண்டும். இந்தக் கெடு அறிவிப்பில் இருந்தது. ஆனால் சிறிய எழுத்தில், சட்ட மலாயில், இரண்டாம் பக்கத்தில் இருந்தது. மனுவை எழுதி, சாய்ப்பின் நான்கு படங்களை இணைத்து, அதே வரிசையில் உள்ள இரண்டு வீடுகளின் வாடகையையும் குறிப்பிட்டேன். விசாரணை பத்து நிமிடங்களில் முடிந்தது. அதிகாரி மரியாதையாகக் கேட்டார், படங்களைப் பார்த்தார், இன்னொரு முறை வீட்டைப் பார்க்க ஆளனுப்பினார். மதிப்பு 3,600 ரிங்கிட்டுக்கு இறங்கியது. ஆண்டுக்கு 336 ரிங்கிட் கட்ட வேண்டியவர் இப்போது 288 ரிங்கிட் கட்டுகிறார். 48 ரிங்கிட் பெரிய தொகையா என்று கேட்பவர்கள், முதுமை உதவித் தொகையில் மாதத்தை ஓட்டும் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

மாடியில் நடந்த அந்தப் பத்து நிமிடங்களுக்கு முழு மதிப்பெண் தருவேன். கீழே முகப்புக்கும் நல்ல மதிப்பெண்தான். பில்லுக்குத் தர மனம் வரவில்லை. என் பழைய மாணவியின் தந்தை, குப்பை வண்டி வாரத்துக்கு எத்தனை முறை வர வேண்டும், கால்வாயை எப்போது தூர்வாருவார்கள் என்று மன்றத்தைக் கேட்க வேண்டிய நேரத்தில், தொடர்பே இல்லாத ஆசிரியரைக் கோபித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் தெருமுனைக் கால்வாய் சென்ற மழைக்கும் நிரம்பி வழிந்தது. அதற்கான கேள்வி எழவே இல்லை.

நான் வந்த வேலை முடிந்த பிறகு, பில்லின் பின்பக்கத்தில் சென்ற ஆண்டு வீட்டு வரி வசூல் எந்தெந்தப் பணிக்கு எவ்வளவு செலவானது என்பதை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அச்சிட வேண்டும் என்று மன்றத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி முகப்பில் கொடுத்தேன். லாரி ஓட்டுநரும் அதில் கையெழுத்திட்டார். நகலில் முத்திரை குத்தி வாங்கி வைத்திருக்கிறேன். ஆகஸ்டு 31 ஆம் தேதிக்குள் அடுத்த தவணையைக் கட்டப் போகும்போது அதையும் எடுத்துச் செல்வேன்.