மசாய் மாரா சஃபாரியில் ₹3,40,000 போச்சு. புக் பண்ணும் முன் இதைப் படியுங்கள்

ஊர் திரும்பி நாலு நாள்தான் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் மழுப்பிவிடுவேன். இரண்டு பேருக்கு ₹3,40,000, விமான டிக்கெட் சேர்க்காமல். வாங்கியவர் படம் பகிரும் தளம் ஒன்றில் பக்கம் வைத்து ஆப்பிரிக்க டூர் விற்கும் ஏஜென்ட். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

சொன்னது இது: செப்டம்பர் கடைசி வாரம், கென்யாவின் மாரா வனவிலங்கு ரிசர்வுக்கு உள்ளேயே கூடாரத்தில் நாலு இரவு. எங்களுக்கு மட்டும் தனி லேண்ட் குரூசர். பார்க் கட்டணம் உட்பட எல்லாம் சேர்த்து. வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் பெரிய மான் வகை) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பது 'கேரண்டி'.

அந்தக் கடைசி வார்த்தையிலேயே போனை வைத்திருக்க வேண்டும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மந்தைகள் மாரா பக்கம் இருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து நிற்கும். முன்னால் நிற்பது மிரண்டு திரும்பினால் மொத்தமும் திரும்பிவிடும். அனுப்பிய விளம்பரத்தில் சிவிங்கிப்புலி படத்துக்குக் கீழே 'சிறுத்தை' என்று வேறு போட்டிருந்தார். (கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இறங்கினால் சிவிங்கிப்புலி. இதுகூடத் தெரியாதவரா மாராவுக்கு ஆள் கூட்டிப் போகிறார் என்று அப்போதே உறுத்தியது.)

நம்ப வைத்தது ஒரு வீடியோ கால். நைரோபியிலிருந்து என்று சொல்லி, பச்சை லேண்ட் குரூசர் பக்கத்தில் டிரைவரை நிற்க வைத்துக் காட்டினார். அவர் 'ஜாம்போ' என்று கையசைத்தார். கூரையைத் தூக்கிக் காட்டினார், உள்ளே இருந்த சின்ன ஃபிரிட்ஜைக்கூடத் திறந்து காட்டினார். பிறகு ஏஜென்ட் சொன்னது: "சார், நம்ம ஊர்க்காரங்ககிட்ட நான் லாபமே வைக்கிறதில்ல. டிசிஎஸ் எல்லாம் போட்டா உங்களுக்குத்தான் நஷ்டம், நேரா அனுப்பிடுங்க." (டிசிஎஸ் என்பது டூர் விற்பவர் நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி.) யுபிஐ-யில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தானே போகும்? நாலு நாள் பிரித்து அனுப்பினோம். போய்ச் சேர்ந்தது ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு. ₹3,40,000.

நைரோபியில் அந்த லேண்ட் குரூசர் வரவில்லை. வந்தது மினிவேன், உள்ளே ஏற்கெனவே ஐந்து பேர். கூடாரம் ரிசர்வின் செகெனானி கேட்டுக்கு வெளியே. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேட்டில் ரேஞ்சர் ரசீது கேட்டபோதுதான் மீதியும் தெரிந்தது. பார்க் கட்டணம் கட்டவே இல்லை. வேனுக்கும் படுக்கைக்கும் மட்டும்தான் தனக்குப் பணம் வந்தது என்றார் டிரைவர். பாவம், அவர் மேல் தப்பில்லை.

வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு மாராவில் ஜனவரி முதல் ஜூன் வரை ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். வெளியே தங்கினால் அந்த டிக்கெட் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைக்கும்தான், மறுநாள் புதிதாகக் கட்ட வேண்டும். இரண்டு பேர், மூன்று நாள், 1,200 டாலர். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல், கார்டைத் தேய்த்துக் கட்டினோம். இது ₹3,40,000-க்கு மேலே.

கணக்குப் போட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும். சொன்னபடி நாலு நாளுக்குக் கட்டணம் மட்டுமே 1,600 டாலர். மீதிப் பணத்தில் சீசன் நேரத்தில் தனி லேண்ட் குரூசரும் ரிசர்வுக்குள் நாலு இரவும் எப்படி அடங்கும்? விலை குறைவாக இருந்ததே மோசடிக்கு அத்தாட்சி, நாங்கள் அதை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டோம்.

மினிவேனில் என்ன குறை என்று கேட்பவர்களுக்கு: மாராவில் பல இடங்களில் நம் கோவில்பட்டிப் பக்கம் போல கரிசல் மண். ஒரு மழை போதும், பசை மாதிரி சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஏறி வந்துவிடும். வேன் சிக்கும், இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், இறங்கவும் கூடாது. எங்கள் இரண்டாவது நாளில் பாதி அப்படிப் போனது, 200 டாலர் டிக்கெட்டில். ஆற்றங்கரையில் இன்னும் மோசம். மந்தை இறங்கும் வழியை மறைக்காமல் தள்ளி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மணிக்கணக்கில் பொறுமையாக இருந்தால்தான் ஏதாவது நடக்கும். ஏழு பேர் ஏறிய வேனில் ஒருவருக்குப் பசி, ஒருவருக்குப் பாத்ரூம். மந்தை கரையில் நிற்கும்போதே கிளம்பிவிட்டோம்.

இனி ஏஜென்டின் பதில்கள். கேட்டிலிருந்து கூப்பிட்டதற்கு, "மீட்டிங்ல இருக்கேன் சார், பத்து நிமிஷம்." சாயங்காலம் ஒரு வாய்ஸ் நோட்: "கிரவுண்ட் பார்ட்னர் மிஸ்டேக் சார், ரீஃபண்ட் போட்டாச்சு, ஏழு வேலை நாள்." ஊர் வந்ததும்: "அதான் சிங்கம் பாத்தீங்கல்ல சார்?" பார்த்தோம். அது சிங்கத்தின் தயவு.

விவரமாகப் பத்துப் பாயிண்ட் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. முக்கியமானது மட்டும்:

தனி ஆள் கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் டிசிஎஸ் பிடித்தே ஆக வேண்டும். அது நம் பான் எண்ணில் வருமான வரிக் கணக்கில் ஏறும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்பவர் கணக்கில் வராத ஆள்.

ஏஜென்ட் அனுப்பும் வவுச்சர் வெறும் காகிதம். கேம்ப்புக்கே மெயில் போட்டு உங்கள் பெயரில் புக்கிங் இருக்கிறதா, எந்தக் கேட், உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். கென்ய நிறுவனமானால் கேட்டோ (KATO, அந்த ஊர் டூர் நிறுவனங்களின் சங்கம்) உறுப்பினரா என்றும் பாருங்கள்.

வண்டி வகை, எத்தனை பேர், பார்க் கட்டணம் எத்தனை நாளுக்கு, மூன்றும் எழுத்தில் வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி அந்த ஆள் வாயே திறக்கவில்லை. பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

ஏமாந்தது தெரிந்த அன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நாங்கள் அந்த ஏழு வேலை நாளை நம்பித் தாமதித்துவிட்டோம். நேற்று இரவு அனுப்பிய மெசேஜுக்கு இன்னும் ஒற்றை டிக்தான். ₹3,40,000.