பாங்காக்கில் படித்த தாய்லாந்து மொழி, கோன் கேனில் ஐந்து வருடம்

வேலைக்காகத் தாய்லாந்து வந்த முதல் வருடம் பாங்காக்கில் ஒரு மொழிப்பள்ளியில் படித்தேன். பிறகு வடகிழக்கே, ஈசான் பகுதியிலுள்ள கோன் கேனுக்கு மாற்றல். அங்கே படித்தது இங்கே எவ்வளவு கைகொடுத்தது என்று சொல்கிறேன்.

முதல் வாரமே சந்தையில் திணறினேன். பப்பாளிக்காய் இடித்துத் தரும் அக்காவிடம் விலை கேட்டால், “சாவ் பாத்” என்றார். இருபதுக்கு “யீ சிப்” என்றுதான் எனக்குத் தெரியும். மூன்று தடவை கேட்டும் விளங்காமல், கடைசியில் அவரே ஒரு பச்சை நிற 20 பாத் நோட்டை எடுத்துக் காட்டினார். சாப்பிட்டு முடித்ததும் “ஸேப் போ?” என்றார். ருசியாக இருக்கிறதா என்று கேட்கிறார். பாங்காக்கில் இதே கேள்வி “அரோய் மை?”

ஈசானின் 20 மாகாணங்களில் வீடுகளில் அதிகம் பேசப்படுவது லாவோ மொழியோடு ஒட்டிய பேச்சு. அதைப் பற்றி அந்தப் பள்ளியில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஆனால் படித்தது வீண் போகவில்லை. வித்தியாசங்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பாங்காக்கின் ‘ர’ பல சொற்களில் இங்கே ‘ஹ’ ஆகும்: காதலுக்கு அங்கே ‘ரக்’, இங்கே ‘ஹக்’. ‘ச்ச’ ஒலி ‘ஸ’ ஆகும்: யானை அங்கே ‘ச்சாங்’, இங்கே ‘ஸாங்’. இது பிடிபட்டதும் பாதிச் சொற்களை ஊகித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஞ’. பாங்காக்கில் ‘யாக்’ என்று தாழ்ந்த தொனியில் சொன்னால் ‘வேண்டும்’, இறங்கும் தொனியில் சொன்னால் ‘கடினம்’. இரண்டையும் குழப்பி நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஈசானில் கடினம் என்பது ‘ஞாக்’. தொனி தவறினாலும் முதல் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். பாங்காக் பேச்சு இழந்துவிட்ட ஒலி இது. நம் ஞாயிற்றில் இருக்கும் அதே ஞ. பக்கத்து வீட்டுப் பாட்டியை ‘மே ஞை’ என்று கூப்பிட எனக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை.

தொனிகள்தான் இன்றுவரை சிரமம். தெரிந்த சொல்லே இங்கே வேறு ஏற்ற இறக்கத்தில் வரும். பெரியவர்கள் இருவர் தங்களுக்குள் பேசினால் பாதிதான் புரிகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பாங்காக் பேச்சிலேயே தொடங்குங்கள். பள்ளி, தொலைக்காட்சி, அலுவலகம் எல்லாம் அதில்தான்; வடக்கே சியாங் மாயிலும் தெற்கே ஹட்யாயிலும் நான் பேசியது எல்லோருக்கும் புரிந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்காமல் முதல் மாதமே தாய்லாந்து எழுத்துக்குப் போங்கள். 44 மெய்யெழுத்துகள், அதில் இரண்டு வழக்கில் இல்லை. கெ, கே, கை போல உயிர்க்குறி முன்னால் வருவது நமக்குப் பழகியதுதான். பல்லவ எழுத்திலிருந்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாக வந்த எழுத்து அது.

அப்புறம், எந்த ஊரில் தங்கப்போகிறீர்களோ அந்த ஊர்ப் பேச்சில் பத்துச் சொல்லாவது முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ருசிக்குச் சியாங் மாயில் ‘லம்’, தெற்கே ‘ரோய்’. நான் ‘ஸேப்’ என்று சொன்ன அன்றிலிருந்து சந்தை அக்கா என்னிடம் பாங்காக் பேச்சு பேசுவதில்லை.