ஏலம் விற்ற காசு ஏல வண்டியில் போச்சு: 3,40,000 ரூபாய்

முந்தாநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருந்து திரும்பியவன் இன்னும் சரியாகத் தூங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் வெட்கப்பட்டு நானே மூடி வைத்துவிடுவேன். போனது 3,40,000 ரூபாய், இந்த வருஷம் ஏலக்காய் விற்ற காசு. பழைய ராணுவ வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் தோட்டம் போடிமெட்டுக்கு மேலே. மழைக்காலத்தில் ஜீப்பே திணறும் பாதை. உர மூட்டையும் தண்ணீர் டேங்க்கும் ஏற்ற, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ராணுவத்துக்காக ஜபல்பூரில் நிசான் உரிமத்தில் செய்தார்களே, அந்த ஒரு டன் வண்டி மேல் எனக்குக் கண். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 3956 சிசி. இழுவைக்குக் குறையே இல்லை. ஆனால் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடினாலே பெரிய விஷயம். அதனால் வாங்குபவர்கள் பலரும் அந்த இன்ஜினை இறக்கிவிட்டு, லேலண்ட் கார்கோ லாரியில் வந்த நாலு சிலிண்டர் ஹினோ டீசலை ஏற்றுவார்கள். நானும் அப்படி ஒன்றைத்தான் தேடினேன்.

பழைய வண்டி வாங்க விற்க என்றே இருக்கும் ஒரு ஆப்பில் மாட்டியது. 'ஆர்மி ஏலம், ஹினோ மாற்றியது, பேப்பர் கிளியர்' என்று விளம்பரம். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில், சரிபார்க்கப்பட்டவர் என்று ஒரு டிக். யாரைச் சரிபார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் யார்டில் இறங்கினேன். முப்பது வயசுப் பையன். நான் கேட்பதற்கு முன்னாலேயே டிரைவர் பக்கத்து ரப்பர் மேட்டைத் தூக்கினான். தரைத் தகட்டில் துரு அரித்து ஓட்டை. அதில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினான். "அண்ணே, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். இது ஒண்ணுதான் குறை. இதையும் வெல்டு வச்சுக் கொடுத்திடுறேன்" என்றான். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து, அப்பா என்று சொல்லி யூனிஃபார்ம் போட்ட ஒருவர் போட்டோவை போனில் காட்டினான். நான் விழுந்தது அந்த ஓட்டையில்தான். தன் வண்டியின் குறையைத் தானே காட்டுகிறவன் பொய் சொல்வானா என்று நினைத்துவிட்டேன். சின்ன ஓட்டையைக் காட்டிப் பெரிய ஓட்டையை மறைத்திருக்கிறான், படுபாவி.

அங்கேயே 50,000. டெலிவரி அன்று 2,72,000. "மிலிட்டரி லுக் வேணும்ல அண்ணே" என்று பச்சைப் பெயின்டுக்கு 18,000. ஆக 3,40,000. ஒரிஜினல் பேப்பர் ஆடிட்டரிடம் இருக்கிறது, பத்து நாளில் கூரியரில் வரும் என்று ஜெராக்ஸ் மட்டும் கொடுத்தான். நானும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதே என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வரும் வழியில் நாற்பதைத் தொட்டதும் கேபின் தரை கடகடவென்று அதிர்ந்தது. போன் போட்டால், "கட்டை கட்டையா இருக்குற பட்டன் டயர் அண்ணே, ரோட்டுல அப்படித்தான் இருக்கும்." எங்கள் ஊர் மெக்கானிக் பாய் வண்டிக்கு அடியில் படுத்தார், ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் டார்ச்சை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க தம்பி" என்றார். புது இன்ஜின் உட்காரும் இடம் மாறியதால் இன்ஜின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பிராப்பலர் ஷாஃப்டை வெட்டி நீளம் குறைத்து ஒட்டியிருக்கிறார்கள். வெல்டு ஒரு பக்கம் கொழுக்கட்டை மாதிரி பிதுங்கி நின்றது. லேத்தில் ஏற்றி நேராகச் சுற்றுகிறதா என்று பார்க்கவும் இல்லை, பேலன்ஸ் பண்ணவும் இல்லை. ஷாஃப்டின் இரு முனை மூட்டிலும் இருக்கும் கிராஸ் இரண்டும் கையால் ஆட்டினாலே ஆடின. இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்கையும் சேர்த்துத் தின்றிருக்கும் என்றார் பாய். அதைச் சரிசெய்ய 28,000 தனி. ஆனாலும் என் மனசு அந்த 3,40,000-லேயே நிற்கிறது.

சரி, ரிப்பேர் என்றால் பார்த்துக்கொள்ளலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில்தான் உயிர் போனது. ராணுவத்தில் இருந்து வந்த வண்டியைப் பதிய, மோட்டார் வாகன விதி 47-படி படிவம் 21 விற்பனைச் சான்றிதழ் ஒரிஜினல் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது என்றார் இன்ஸ்பெக்டர். அப்புறம் சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், நம்பர் இருக்கும் இடத்தை எமரி பேப்பரால் தேய்த்து, தாள் வைத்துப் பென்சிலால் உரசினார். ஜெராக்ஸில் இருந்த நம்பருக்கும் அதற்கும் கடைசி இரண்டு எண்கள் வேறு. அந்த இடத்தில் மட்டும் இரும்பு வழுவழுவென்று இருந்தது, கிரைண்டர் பிடித்த மாதிரி. இன்ஜின் மாற்ற அனுமதி வாங்கிய காகிதமும் கிடையாது. கடைசியாக வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இந்த ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும்தான் சார். விதி 121. வெளி ஆள் அடிக்கவே கூடாது" என்றார். அந்தப் பச்சைக்குத்தான் நான் 18,000 கொடுத்தேன்.

பையனுக்குப் போன் செய்தேன். முதல் நாள் "ஆடிட்டர் ஊர்ல இல்ல அண்ணே." அடுத்த நாள் "கூரியர் போட்டாச்சு அண்ணே, நம்பர் அனுப்புறேன்." நம்பர் வரவில்லை. மூன்றாம் நாள் 'அண்ணே' போய் 'சார்' வந்துவிட்டது. "சார், ஏல வண்டி எப்பவும் உள்ளது உள்ளபடிதான். நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க?" அதற்கப்புறம் ரிங் போகிறது, எடுப்பதில்லை.

ஆப்காரர்களைக் கேட்டால், விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்று பதில். அப்படியென்றால் அந்த டிக் எதற்கு என்று கேட்டேன். அதே வரியைத் திரும்ப அனுப்பினார்கள். நேற்று ராத்திரி பார்க்கிறேன், என் வண்டியின் அதே போட்டோக்கள் ஆப்பில் மறுபடி ஏறியிருக்கின்றன, விலை 3,60,000. வண்டி என் வீட்டு வாசலில் நிற்கிறது!

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்கி ரசீது கொடுத்தார்கள். பணத் தகராறு சிவில் விவகாரம் என்று ஏட்டு இழுத்தபோது, சேஸ் நம்பரைத் தேய்த்திருப்பது சிவிலா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. படிவம் 21 ஒரிஜினல் உங்கள் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சேஸ் நம்பரை நீங்களே தேய்த்துப் படித்துப் பாருங்கள், போட்டோவை நம்பாதீர்கள். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், நாற்பது ஐம்பதில் ஓட்டிப் பாருங்கள். பச்சை அடிக்கவே அடிக்காதீர்கள்.

நாளைக் காலை பாயையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் அந்த யார்டுக்குப் போகிறேன்.