பத்துக்கு ஏழு வந்தால் போதுமா? பொருத்தம் பார்க்கும் செயலிகளை வருடக்கணக்கில் பயன்படுத்தியதில் தெரிந்தவை

கல்யாணத்துக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கும் செயலியில் "10-க்கு 7" என்று பச்சை நிறத்தில் வந்துவிட்டால் பல வீடுகளில் அன்றைக்கே பெண் பார்க்க நாள் குறித்துவிடுகிறார்கள். "10-க்கு 4" என்றால் ஃபோட்டோவைக்கூடத் திறந்து பார்ப்பதில்லை. இலவசச் செயலிகள், காசு கொடுத்து வாங்கும் ஜாதக மென்பொருள்கள், வரன் தேடும் தளங்களுக்குள்ளேயே இருக்கும் பொருத்தப் பகுதி என மூன்றையும் நீண்ட காலம் கையாண்டதில் உறுதியாகச் சொல்லலாம்: கூட்டல் கழித்தலில் இவை தப்புவது அபூர்வம். நாம் உள்ளே கொடுக்கும் விவரமும், எந்த முறைப்படி கணிக்கச் சொல்கிறோம் என்பதும்தான் முடிவையே புரட்டிப் போடுகின்றன.

முதலில் பிறந்த நேரம். பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் நேரம் இருக்காது. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுப்பதே நல்லது. அதிகம் நடக்கும் பிழை நள்ளிரவுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு. பழைய குறிப்பில் "செவ்வாய் இரவு 2 மணி, விடிந்தால் புதன்" என்று எழுதியிருப்பார்கள். பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது, அதனால் அது செவ்வாய்க்கிழமை. ஆங்கிலத் தேதியோ புதனுடையது. செவ்வாயின் தேதியைப் போட்டு அதிகாலை 2.00 என்று கொடுத்தால் சரியாக 24 மணி நேரம் பின்னால் போய்விடும், நட்சத்திரமே ஒன்று தள்ளிவிடும். செயலி காட்டும் பஞ்சாங்கக் கிழமையும் குறிப்பில் உள்ள கிழமையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இது உடனே பிடிபடும்.

இலங்கையில் பிறந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, இப்போது கல்யாண வயதில் இருப்பவர்களைத்தான் அது நேராகத் தொடுகிறது. 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை கிரீன்விச்சுக்கு 6.30 மணி முன்னால் தள்ளினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் 6.00 ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி 5.30-க்கு வந்தார்கள். இடையில் பிறந்த பிள்ளைக்கு 5.30 என்றே கணித்தால் லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி) அரை மணி நேரம், சில மாதங்களுக்கு ஒரு மணி நேரம், பிசகும். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை என்பதால், எந்த ஊரில், யாருடைய கடிகாரம் பார்த்து எழுதிய நேரம் என்று பெரியவர்களிடம் கேட்டாக வேண்டும். நேர மண்டலத்தைக் கையால் மாற்ற விடாத செயலியை இந்த ஜாதகங்களுக்குத் தொடவே கூடாது.

தினம், கணம், ரஜ்ஜு என்று பத்து வரிகளாகப் பார்க்கும் பத்துப் பொருத்தம், பிறந்தபோது சந்திரன் நின்ற நட்சத்திரத்தையும் ராசியையும் மட்டும் வைத்துப் போடுவது. சந்திரன் ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை நகர்கிறது, ஒரு பாதம், அதாவது நட்சத்திரத்தின் கால் பங்கு, கடக்க ஏறக்குறைய 6 மணி நேரம். ஆகவே கால் மணி நேரப் பிழை, நட்சத்திரமோ பாதமோ மாறும் எல்லையில் பிறந்திருந்தாலொழிய, பத்துப் பொருத்தத்தைப் பாதிக்காது. லக்னம் அப்படியல்ல. கால் மணி நேரத்தில் சுமார் 4 பாகை ஓடிவிடும், நவாம்ச லக்னம் (ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடும் கட்டத்தின் லக்னம்) மாறிவிடும், இரண்டு ராசிகளின் சந்தியில் இருந்தால் ராசிக் கட்டத்திலும் லக்னம் அடுத்த வீட்டுக்குப் போய் செவ்வாய் தோஷம் இல்லாதவருக்கு வந்துவிடும்.

விவரம் சரிதானா என்று சோதிக்க எளிய வழி தசை இருப்பு, அதாவது பிறந்தபோது நடந்த கிரக தசையில் மீதி இருந்த காலம். கையால் எழுதிய ஜாதகத்தில் "கர்ப்பச் செல் நீக்கி சுக்கிர தசை இருப்பு 12 வருடம் 3 மாதம் 14 நாள்" என்பது போல ஒரு வரி இருக்கும் (கர்ப்பச் செல் என்பது பிறப்பதற்கு முன்பே கழிந்துவிட்ட பகுதி). செயலி காட்டும் இருப்போடு அதை ஒப்பிடுங்கள். சுக்கிர தசை 20 வருடம் என்பதால், இருப்பில் ஒரு வருட வித்தியாசம் என்றால் சந்திரன் நிலையில் சுமார் ஒன்றேகால் மணி நேர வித்தியாசம். 6 வருட சூரிய தசையில் அதே ஒரு வருடம் நாலு மணி நேரத்துக்குச் சமம். சில நாள் வித்தியாசத்துக்குக் கவலை வேண்டாம். வருடக்கணக்கில் இடித்தால் நேரமோ முறையோ தவறு.

முறை என்றால் பழைய வாக்கியச் சூத்திரங்களின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமா, வானியல் கணக்கின்படி கணிக்கும் திருக்கணிதமா என்பது. இரண்டுக்கும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் பல நாழிகை வேறுபாடு வருவதுண்டு. சனிப்பெயர்ச்சியில் இது ஊருக்கே தெரிந்தது: மீனத்துக்குச் சனி வந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச்சில், திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப்படி 2026-ல். செயலிகள் பெரும்பாலும் திருக்கணிதம்தான், அதிலும் லஹிரி அயனாம்சம் (அயனாம்சம் என்பது ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்பதற்கான பாகைக் கணக்கு). மேக்நாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-ல் ஏற்றுக்கொண்டது சித்திரபக்ஷம் என்றும் சொல்லப்படும் இந்த லஹிரிக் கணக்கைத்தான். அமைப்புகளுக்குள் போய் ராமன் அயனாம்சத்தைத் தேர்ந்தெடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றரைப் பாகை மாறும், சந்திரனுக்கு அது இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். பெண் ஜாதகம் வாக்கியத்திலும் பையன் ஜாதகம் திருக்கணிதத்திலும் இருக்க, இரண்டையும் அப்படியே ஒட்டிப் பொருத்தம் பார்ப்பது தினமும் நடக்கிறது. எது உயர்ந்தது என்ற சண்டை தனி. இருவருக்கும் ஒரே முறையில் கணித்தாக வேண்டும். அமைப்புகளை எல்லாம் கையால் மாற்றிக்கொள்ள விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் ஜகந்நாத ஹோராவை தைரியமாகப் பரிந்துரைக்கலாம், பழகுவதற்குத்தான் கொஞ்ச நாள் ஆகும்.

நட்சத்திரப் பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் பொருத்தம் சொல்லும் செயலிகளில் கவனம் தேவை. கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி ஆகிய 9 நட்சத்திரங்களும் இரண்டு ராசிகளில் பிரிந்து கிடப்பவை. பாதம் கேட்காவிட்டால் ராசி, ராசி அதிபதி, வசியம் மூன்றும் தவறாக வர வாய்ப்பு உண்டு.

இனி மொத்த மதிப்பெண். பெண் சுவாதி, பையன் அஸ்தம் என்று வைத்துப் பாருங்கள். சுவாதியிலிருந்து எண்ணினால் அஸ்தம் 26-வது, 9-ஆல் வகுக்க மீதி 8, தினப் பொருத்தம் உண்டு. இருவரும் தேவ கணம். 13-க்கு மேல் இருப்பதால் ஸ்திரீ தீர்க்கம் உண்டு. யோனி இரண்டும் எருமை. துலாமுக்குச் சுக்கிரன், கன்னிக்குப் புதன், நட்புக் கிரகங்கள். வேதை (ஒன்றுக்கொன்று ஆகாத நட்சத்திரங்கள்) இல்லை. மகேந்திரமும் வசியமும் இல்லை. பெண் ராசிக்குப் பையன் ராசி 12-வதாக வருவதை ஏற்கும் அட்டவணையில் மொத்தம் 7, ஏற்காததில் 6. பச்சை நிறம்தான். ஆனால் நட்சத்திரங்களை உடல் உறுப்புகளின் பெயரில் பிரிக்கும் ரஜ்ஜுவில் இரண்டும் கழுத்து, ஒரே ரஜ்ஜு கூடாது. மாங்கல்ய பலத்துக்கென்றே பார்க்கிற பொருத்தம் அடிபட்டுவிட்டது, மொத்தத்தில் அது வெறும் ஒரு மதிப்பெண் குறைவாகத்தான் தெரிகிறது.

இதே ஜோடியை எட்டுப் பொருத்தம் பார்க்கும் வடநாட்டு முறையில் போட்டால் 36-க்கு 27½ வரும். 18 வந்தாலே போதும் என்கிற முறையில் அது அமோகமான எண். அந்த எட்டில் ரஜ்ஜு என்ற ஒன்றே கிடையாது, 8 மதிப்பெண்ணோடு நாடி என்ற பொருத்தத்துக்குத்தான் அங்கே முதலிடம். தளங்களில் வரும் "குணம்" கணக்கு பெரும்பாலும் இதுதான். தமிழ்க் குடும்பம் அந்த எண்ணை நம்பி ரஜ்ஜுவைப் பார்க்காமலே விட்டுவிடுகிறது.

இன்னும் ஒரு படி உண்டு. அஸ்தம் ஏறு ரஜ்ஜு, சுவாதி இறங்கு ரஜ்ஜு. இரண்டும் எதிர்த் திசை என்பதால் சேர்க்கலாம் என்று சொல்லும் ஜோதிடர்கள் இருக்கிறார்கள், ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள். செயலி இந்த இடத்தில் சிவப்புப் புள்ளியோடு நின்றுவிடும். மொத்தத்தை விட்டுவிட்டு ரஜ்ஜு, வேதை, கணம், தினம், ராசி என்று வரி வரியாகப் படிப்பதும், சந்தேகமான வரியை ஜோதிடரிடம் கேட்பதும்தான் உருப்படியான வழி.

செவ்வாய் தோஷத்தில் செயலிகள் நடத்துவது அநியாயம். லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12-ல் செவ்வாய் என்றால் 12 கட்டத்தில் 5, அதாவது நூற்றுக்கு 42 பேர். சந்திரனுக்கும் சுக்கிரனுக்கும் சேர்த்துப் பார்த்து எதில் இருந்தாலும் தோஷம் என்று சொன்னால் தோராயமாக நூற்றுக்கு 80 பேர் உள்ளே வந்துவிடுவார்கள். அதனால்தான் விதிவிலக்கும் கூடவே சொல்லப்பட்டிருக்கிறது: மேஷம், விருச்சிகத்தில் ஆட்சி, மகரத்தில் உச்சம், குரு சேர்க்கை அல்லது பார்வை, கடக சிம்ம லக்னம். "தோஷம் உண்டு" என்று பெரிய எழுத்திலும் "நிவர்த்தி" என்று அடுத்த பக்கத்துப் பொடி எழுத்திலும் போடும் அறிக்கைகள் எத்தனையோ பெண்களின் வரனைத் தட்டிவிட்டிருக்கின்றன. முதல் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள்.

இருவருக்கும் தசை ஏறக்குறைய ஒரே காலத்தில் மாறுகிறதா என்று பார்க்கும் தசா சந்திக்கு, செயலி வருடத்தை 365 நாளாக எடுக்கிறதா, 360 நாளாகவா என்று பாருங்கள். 30 வருடத்தில் இந்த வித்தியாசமே 5 மாதம் ஆகிவிடும். இருவர் தசையும் ஆறு மாதத்துக்குள் முடிகிறதா என்று பார்க்கிற இடத்தில் 5 மாதம் தவறினால் பார்த்ததற்கே அர்த்தமில்லை.

மூலம், ஆயில்யம், கேட்டை, விசாகம் என்று பெண்ணின் நட்சத்திரத்தைப் பார்த்ததும் வடிகட்டும் வசதி சில தளங்களில் இருக்கிறது. மாமனார், மாமியார், மூத்தார், கொழுந்தன் பெயரைச் சொல்லி ஒதுக்கும் இந்த வழக்கம் பத்துப் பொருத்தத்தில் எந்த வரியிலும் இல்லை. சொல்பவர்களும் மூலத்தில் முதல் பாதம், விசாகத்தில் நாலாம் பாதம் என்று பாதம் பிரித்துத்தான் சொல்கிறார்கள். வடிகட்டியோ பாதம் பார்ப்பதில்லை. அந்தப் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

ஜோதிடரிடம் போகும்போது செயலியின் மதிப்பெண் பக்கம் தேவையில்லை. இருவரின் ராசி, நவாம்சக் கட்டங்கள், தசை இருப்பு, பிறந்த ஊர், எந்த அயனாம்சம் என்ற குறிப்பு, இவை ஒரே தாளில் இருந்தால் போதும். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலையும் அதோடு பின் செய்துகொள்ளுங்கள்.