ஆன் ஆகத் தயங்கும் பழைய லேப்டாப்: சர்வீஸா, சொந்தக் கையா, வேறு போர்டா?

பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும். ஃபேன் 2 நொடி சுற்றும். அப்புறம் எல்லாம் அடங்கிவிடும், திரை கறுப்பாகவே கிடக்கும். மறுபடி அழுத்த வேண்டும். இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ ஒன்றுமே நடக்காதது போல ஆன் ஆகி, இரவு வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். 2016-ல் வாங்கிய என் லேப்டாப் சில மாதங்கள் இப்படித்தான் இருந்தது. நாலு நாளைக்கு ஒரு நாள் இந்தப் பிடிவாதம்.

அடியோடு செத்துப்போன மெஷினைவிட இது மோசம். செத்ததென்றால் மனசைத் தேற்றிக்கொண்டு அடுத்ததைப் பார்க்கலாம். இதுவோ மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிற கதை. ஓடுகிறதே என்று தூக்கிப்போடவும் மனசு வராது. அவசர வேலை இருக்கிற நாளில் நம்பவும் முடியாது.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு மூன்று வழி. சர்வீஸில் கொடுக்கலாம். நாமே பிரித்து ஒவ்வொரு பாகமாகக் கழித்துப் பார்க்கலாம். அல்லது எல்லாப் பாகங்களும் வந்து சேர்கிற முதன்மைப் பலகையான மதர்போர்டையோ மொத்த லேப்டாப்பையோ மாற்றிவிடலாம். முதல் இரண்டு வழியில் போய் வந்திருக்கிறேன். மூன்றாவதன் வாசல் வரை போய்த் திரும்பினேன். விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் நாமே கழித்துப் பார்ப்பதுதான் சரி என்பது என் கட்சி.

எந்த வழியானாலும் முதல் வேலை பேக்கப். இன்று ஆன் ஆன மெஷின் நாளை ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கூடவே இன்னொன்று: டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் என்கிற பூட்டில் இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை வேறிடத்தில் எழுதி வையுங்கள். போர்டு மாற்றினால் கட்டாயம் கேட்கும். மெஷினை எழுப்புகிற அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புகள் மாறினாலும் சில சமயம் கேட்கும்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். விளக்கே எரியவில்லையென்றால் சார்ஜர், சார்ஜர் பின் செருகும் இடம், பேட்டரி அல்லது போர்டின் மின்பகுதி. விளக்கு எரிந்தும் கம்பெனி லோகோ வரவில்லையென்றால் ரேம், போர்டு, டிஸ்பிளே பக்கம். லோகோ வந்த பிறகு நின்றால் டிஸ்க் அல்லது விண்டோஸ். இந்தக் கடைசி வகைக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் தகராறு, ரீஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக வருகிறது என்றால், விண்டோஸ் 8 காலத்திலிருந்து வருகிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மேல் சந்தேகப்படலாம். அது இருக்கும்போது ஷட்டவுன் முழு ஷட்டவுன் அல்ல. சிஸ்டத்தின் ஒரு பகுதியை டிஸ்கில் சேமித்து வைத்து, மறுநாள் அங்கிருந்தே எழுப்பும். ரீஸ்டார்ட்தான் முதலிலிருந்து தொடங்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை அணைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். எனக்கு லோகோவே வராததால் அந்தப் பக்கம் போகத் தேவைப்படவில்லை.

சரி, சர்வீஸ். நானும் முதலில் அங்கேதான் போனேன். இரண்டு நாள் வைத்திருந்து, "உள்ளே நல்ல தூசி சார், கிளீன் பண்ணியாச்சு. நாலஞ்சு தடவை போட்டுப் பார்த்தேன், நல்லா வருது" என்று கொடுத்தார்கள். அங்கேயே என் கண்ணெதிரே ஆன் செய்து காட்டினார் அந்தப் பையன். வீட்டுக்கு வந்த மூன்றாவது காலையில் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி கொண்டுபோனேன், போர்டை மாற்றச் சொன்னார்கள்.

அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். ஏன் என்பதில்தான் இந்த மூன்று வழிகளுக்கும் நடுவே உள்ள முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாலு தடவைக்கு ஒரு தடவை தகராறு செய்கிற மெஷின் என்று வைத்துக்கொள்வோம். அதில் எதையுமே சரிசெய்யாமல் ஒருமுறை ஆன் செய்தாலும், ஒழுங்காக வர 100-க்கு 75 வாய்ப்பு இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு முறையும் சரியாக வர 56. மூன்று முறை என்றால் 42. அதாவது மூன்று தடவை போட்டுப் பார்த்து "ரெடி" என்று சொன்னால், கிட்டத்தட்ட பூவா தலையா போட்டுப் பார்த்த மாதிரிதான். 10 முறை தொடர்ந்து சரியாக வருவது வெறும் தற்செயலாக நடக்கிற வாய்ப்புதான் 100-க்கு 6-க்குக் கீழே இறங்குகிறது. 12 முறை என்றால் 3 ஆகிறது.

அதிலும் அந்த 10 முறையை ஒரே மதியத்தில் முடித்துவிட முடியாது. என் மெஷினுக்கு இரவு முழுக்க அணைந்து கிடந்து ஆறிய பிறகுதான் தகராறு. ஒருமுறை ஓடிச் சூடேறிவிட்டால் எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் வரும். உலோகமும் பிளாஸ்டிக்கும் சூட்டில் விரிந்து, ஆறினால் சுருங்குகின்றன. பற்றவைப்பில் ஒரு மயிரிழை விரிசலோ, ரேம் செருகும் ஸ்லாட்டில் தளர்ந்த ஒரு பின்னோ இருந்தால், சூட்டில் தொட்டுக்கொண்டு குளிரில் விலகிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரே ஒரு செல்லுபடியாகும் சோதனைதான், அதுவும் காலையில். 10 சோதனைக்கு 10 நாள். சர்வீஸ் மேசையில் ஒரு லேப்டாப்பை அத்தனை நாள், அதுவும் ஒவ்வொரு பாகத்தையும் மாற்றி மாற்றி, யாரால் வைத்திருக்க முடியும்? அந்த அவகாசம் லேப்டாப்போடு குடியிருக்கிற நமக்குத்தான் உண்டு.

இதே கணக்கில் நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. ஒரு பாகத்தைக் கழற்றி வைத்த பிறகும் கோளாறு வந்துவிட்டால், அந்தப் பாகம் குற்றவாளி இல்லை என்பதற்கு அந்த ஒரு தோல்வியே போதும். உடனே அடுத்ததற்குப் போகலாம். ஒழுங்காக வந்தால்தான் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். அதனால் நினைப்பதைவிட வேகமாகவே பட்டியல் குறையும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் ஸ்க்ரூடிரைவரையே தொடவில்லை. ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி: எத்தனை மணி நேரம் அணைந்திருந்தது, சார்ஜர் செருகியிருந்ததா, எத்தனையாவது அழுத்தலில் வந்தது. அந்த நோட்டுதான் "ஆறினால் மட்டும் தகராறு" என்பதைக் காட்டிக்கொடுத்தது. அது தெரியாமல் பிரித்திருந்தால் நானும் சூட்டோடு சூடாகப் போட்டுப் பார்த்து ஏமாந்திருப்பேன்.

அப்புறம் கழித்தல். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்து, சார்ஜரில் மட்டும் ஓட்டினேன். மூன்றாவது காலை தகராறு; பேட்டரி மேல் தப்பில்லை. பேட்டரியில் மட்டும் ஓட்டினேன். இரண்டாவது காலை தகராறு, சார்ஜரும் தப்பித்தது. நேரத்தைக் காக்கிற சிஆர்2032 பட்டன் செல்லை மல்டிமீட்டரில் பார்த்தால் 2.9 வோல்ட். 3 வோல்ட் செல்லுக்கு அது நல்ல அளவுதான், இருந்தாலும் மாற்றினேன். இரண்டே நாளில் அதுவும் காரணமில்லை என்று தெரிந்தது. கடிகாரம் அடிக்கடி பழைய தேதிக்குப் போகிற மெஷின் என்றால் இந்தச் செல்லை முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ரேம். கீழ் மூடியின் ஸ்க்ரூவை எல்லாம் எடுத்து, பிளாஸ்டிக் அட்டையால் ஓரமாக நெம்பினால் கிளிப்புகள் டக் டக்கென்று விடும். இரண்டு ஸ்லாட்: ஒன்றில் 8 ஜிபி, இன்னொன்றில் கூடவே வந்த 4 ஜிபி. பக்கத்து இரண்டு கவ்விகளையும் விலக்கினால் ரேம் தானாகச் சாய்வாக எழுந்து நிற்கும். அதன் உலோகப் பின்களில் கையைப் படவிடாமல் ஓரத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். தொடும் முன் ஏதாவது வெற்று உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

இரண்டாம் ஸ்லாட்டில் இருந்த 4 ஜிபியை எடுத்துவிட்டேன். 12 காலை, ஒரு தகராறும் இல்லை. குற்றவாளி ரேமா, ஸ்லாட்டா? 8 ஜிபியை எடுத்துவிட்டு, சந்தேகப்பட்ட 4 ஜிபியை முதல் ஸ்லாட்டில் போட்டேன். இன்னும் 12 காலை, சுத்தம். பிறகு இரண்டாம் ஸ்லாட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் அதில் 8 ஜிபியை மட்டும் போட்டேன். நாலாவது காலை, அதே 2 நொடி ஃபேன், அதே கறுப்புத் திரை. கோளாறைத் திரும்ப வரவழைக்க முடிந்ததும் கிடைத்த நிம்மதி, சரிசெய்தபோதுகூடக் கிடைக்கவில்லை. ரேம் இரண்டும் நல்லவை. இரண்டாம் ஸ்லாட்தான் போயிருந்தது.

ஒரு எச்சரிக்கை. ரேமை மாற்றிப் போட்ட பிறகு முதல் தடவை திரை ஒரு நிமிடம் வரை கறுப்பாக இருக்கலாம். மெஷின் புது ரேமை அளந்து பழகிக்கொள்கிற நேரம் அது. பயந்து பட்டனை அழுத்திவிடாதீர்கள். இன்னொன்று, ரேமைக் கழற்றி மாட்டினாலே சில நாள் சரியாகிவிடும். தொடர்பு புதுசாக உட்காருவதால் வருகிற தற்காலிக சுகம் அது. சர்வீஸில் கிளீன் செய்ததும் இரண்டு நாள் ஓடியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மொத்தம் 7 வாரம். இதைக் கேட்டுத்தான் பலர் பின்வாங்குவார்கள். ஆனால் அந்த 7 வாரமும் லேப்டாப் என் மேசையில்தான் இருந்தது, வேலை நிற்கவில்லை. நாளைக்கு ஒரு நிமிடம் நோட்டுக்கு, வாரத்துக்கு ஒரு தடவை அரைமணி நேரம் ஸ்க்ரூவுக்கு.

போர்டு மாற்றுவது பற்றிச் சுருக்கமாக. பழைய மாடலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய போர்டு. நம்முடையது பட்ட சூடும் குளிரும் அதுவும் பட்டிருக்கும். கூடவே வந்த விண்டோஸ் உரிமம் போர்டோடு சேர்ந்தது என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாட் ஏர் வைத்துச் சூடேற்றித் தருகிறோம் என்பார்கள் சிலர். பாகங்களைப் போர்டோடு பற்றவைக்கிற ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். மேலோட்டமாகக் காட்டிய சூட்டில் விரிசல் ஒட்டினாலும் நீடிப்பது அபூர்வம். அதற்குப் பதில் வேறு லேப்டாப் வாங்குவதே மேல். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை பிராசசரும் வேண்டும். அதற்கு முந்தைய மெஷின் வைத்திருப்பவர்கள் லினக்ஸ் என்கிற மாற்று இயங்குதளத்துக்குப் போகத் தயாராக இல்லையென்றால், எந்த ரிப்பேருக்கும் முன் இதை யோசிப்பது நல்லது.

என் கட்சிக்கு எல்லை உண்டு. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்; அங்கே என் வழி பாதியில் நின்றுவிடும். தண்ணீர் பட்டது, கருகிய வாடை வருவது, விளக்கே எரியாதது, இவையெல்லாம் சர்வீஸ்காரர் வேலை. போர்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்தே எந்தப் பகுதி என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். டச்பேட் மேலெழும்பி, அடியில் பேட்டரி உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம். உடனே ஓட்டுவதை நிறுத்திக் கொடுத்துவிடுங்கள். டைப்-சி சார்ஜரை மல்டிமீட்டர் முனையால் குத்திப் பார்த்தும் பயனில்லை. லேப்டாப்போடு பேசிக்கொண்ட பிறகுதான் அது முழு வோல்ட்டைத் தரும்.

என் அனுபவமும் இரண்டே மெஷின்தான். இரண்டாவது என் அண்ணனுடையது, அதில் ஐந்து வாரம் கழித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. பேட்டரி, சார்ஜர், ரேம், டிஸ்க் எதுவும் இல்லை என்கிற என் நோட்டையும் சேர்த்து சர்வீஸில் கொடுத்தோம். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு நேராக போர்டின் மின்பகுதிக்குப் போய், பவர் பட்டனிலிருந்து போர்டுக்கு வருகிற ரிப்பன் கேபிளின் முனை தளர்ந்திருந்ததை அன்றே கண்டுபிடித்தார்.

என்னுடையது இப்போது முதல் ஸ்லாட்டில் 8 ஜிபியோடு ஓடுகிறது. இரண்டு ரேம் சேர்ந்து ஓடிய வேகம் இல்லை, வீடியோ எடிட் செய்யும்போது தெரிகிறது. இரண்டாம் ஸ்லாட்டின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, "போடாதே" என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நோட்டில் இன்று காலையோடு 63 வரி, எல்லாமே முதல் அழுத்தலில் வந்தவை.