அசையாத கோடு: சுரங்க நீர்க் கண்காணிப்பில் ஆறு வருட அனுபவம்

எங்கள் சுரங்கத்தில் தண்ணீரைக் கண்காணிக்கும் சென்சார்களும் அலாரமும் பொருத்தி ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவற்றைப் பராமரிப்பது என் வேலை. புதிதாக வாங்க நினைப்பவர்கள் எது துல்லியமானது என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: சென்சார் செத்துப்போனால் உங்களுக்குத் தெரியவருமா?

இரண்டாம் வருட மழைக்காலம். கழிவுப்பாறைக் குவியலுக்கு அடியில் கசிவுநீர் சேரும் குட்டையில் பதினொரு நாளாக பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 6.9. திரை முழுக்கப் பச்சை. எனக்கு உறுத்தியது. மழை கொட்டியிருக்கிறது, கரைந்த உப்புகளைக் காட்டும் மின்கடத்துதிறன் ஏறியிருக்கிறது, பிஎச் மட்டும் எப்படி அப்படியே நிற்கும்? போய், தண்ணீருக்குள் இறக்கியிருக்கும் சென்சார் குச்சியான புரோபை இழுத்தேன். கண்ணாடிக் குமிழே தெரியவில்லை. ஆரஞ்சு நிறத்தில், வழவழவென்று, இரும்புப் படிவு அப்பியிருந்தது. கழுவிப் பார்த்தால் குமிழில் மெல்லிய கீறல். வேறு புரோபை இறக்கினேன்: 4.3. அந்தத் தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஓடை தப்பியது.

கீறல் விட்ட பிஎச் புரோப் பெரும்பாலும் 7-ஐ ஒட்டியே காட்டும். புரோப் தரும் மின்னழுத்தம் 0 மில்லிவோல்ட் ஆகும்போது கருவி காட்டும் அளவு அதுதான். அதாவது, கருவி பழுதாகும்போது நல்ல தண்ணீர் என்றே சொல்லும். இது தெரியாமல் எத்தனை இடங்களில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்களோ என்று இப்போதும் கவலைப்படுகிறேன்.

அதன்பிறகு மூன்று அலாரங்கள் சேர்த்தோம். ஆறு மணி நேரம் அளவு துளியும் மாறாவிட்டால் ஒன்று. ஒரு மணி நேரம் தகவலே வராவிட்டால் ஒன்று. வரம்பைத் தாண்டாவிட்டாலும் வழக்கத்தைவிட வேகமாக ஏறினாலோ இறங்கினாலோ இன்னொன்று. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை நீர்த்த அமிலத்தில் கழுவி, பிஎச் 4, 7 என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்க்கிறோம்.

மின்கடத்துதிறன் சென்சார் ஆறு வருடத்தில் என்னை ஏமாற்றவே இல்லை. அதன் அருமையும் பலருக்குத் தெரியவில்லை. பாறையிலுள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும்போது, கூடவே இருக்கும் சுண்ணாம்புக்கல் அதை விழுங்கிவிடும். அதனால் பிஎச் இறங்காது. ஆனால் தண்ணீரில் சல்பேட் உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். மின்கடத்துதிறன் முன்கூட்டியே ஏற ஆரம்பிக்கும். பட்ஜெட் குறைவென்றால் முதலில் இதைத்தான் வாங்கச் சொல்வேன். கலங்கல் சென்சார் பரவாயில்லை ரகம். ஓர் இலை ஒட்டிக்கொண்டாலே கத்தும்; பதினைந்து நிமிடத் தாமதம் வைத்த பிறகு அடங்கியது.

அலாரம் அதிகமாவதும் ஆபத்துதான். முதல் வருடம் சில இரவுகளில் நூறைத் தாண்டியது. ஷிஃப்டில் இருந்தவர்கள் பார்க்காமலே நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது அலாரம் அமைப்புகளுக்கான இஇஎம்யுஏ 191 வழிகாட்டி. யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாத அலாரங்களையெல்லாம் எடுத்துவிட்டு அந்த அளவுக்குக் கொண்டுவந்தோம்.

கழிவுச்சேற்று அணையில் பதித்த, உள்ளே நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர்கள் நன்றாக உழைக்கின்றன. இடியில் இரண்டு போயின; மின்னல் காப்பு இல்லாமல் பதிக்காதீர்கள். சைரன் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அன்று சைரன் ஒலிக்கவில்லை; சேறு அதை மூழ்கடித்துவிட்டது என்று அந்த நிறுவனத் தலைவர் விளக்கம் சொன்னார். எங்கள் சைரன்கள் இப்போது சேறு எட்டாத மேட்டில் இருக்கின்றன. இணைப்பு அறுந்தாலே கன்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரியும்.

கடைசியாக, இருப்பதிலேயே எளிய கருவி: தண்ணீர் சேரும் சம்ப் குழியிலுள்ள, நீர் ஏறினால் மேலெழும்பி மணியடிக்கும் மிதவை சுவிட்ச். திங்கள்தோறும் காலையில் மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணி அடிக்கிறதா என்று வாக்கி டாக்கியில் கேட்போம். போன மாதம் ஒருமுறை "இல்லையே, சத்தமே வரல" என்று பதில் வந்தது. கேபிளை எலி கடித்திருந்தது. மதியத்துக்குள் புதுக் கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டு இழுத்து, மறுபடி மிதவையைத் தூக்கினேன். அடித்தது.